பேச வரவேண்டும் என்று எம்.ஏ. இங்கிலீஷ் சேராதீர்கள்

"ஆறு மாசத்துல சரளமா பேச வந்துரும்ல மேடம்?"

போன வாரம் இப்படிக் கேட்டவர் திருப்பூரில் ஒரு பனியன் ஏற்றுமதி கம்பெனியில் ஆர்டர்களைக் கவனிக்கும் மெர்ச்சண்டைசர். துணி வாங்கும் வெளிநாட்டு பையரிடமிருந்து (buyer) மெயில் வந்தால் சமாளித்துவிடுகிறார். வீடியோ கால் என்றால் ஹெட்செட்டைக் கழற்றிப் பக்கத்து சீட்டுக்காரரிடம் கொடுத்துவிடுகிறார். பதவி உயர்வு அதனாலேயே தள்ளிப்போகிறது. இதற்குத் தீர்வு என்று அவர் சேர்ந்திருப்பது ஆன்லைன் எம்.ஏ. ஆங்கிலத்தில். இரண்டு வருடக் கட்டணத்தையும் மொத்தமாகக் கட்டிவிட்டு, அப்புறம்தான் என்னிடம் யோசனை கேட்க வந்தார். கட்டியதும் பல்கலைக்கழகத்தின் கணக்கில் இல்லை. ஊரில் மாடியில் போர்டு மாட்டியிருக்கும் ஒரு அட்மிஷன் சென்டரின் ஜிபே எண்ணுக்கு.

நான் கல்லூரியில் ஆங்கிலம் நடத்துகிறேன். விடுமுறை நாட்களில் தொலைநிலை, ஆன்லைன் மாணவர்களுக்கு வழிகாட்டுகிறேன், அவர்களுடைய அசைன்மென்ட் திருத்துகிறேன். ஒவ்வொரு ஜனவரி, ஜூலை சேர்க்கையிலும் இதே கதை வேறு வேறு முகங்களோடு வந்து நிற்கிறது. நேரில் சொல்லிச் சொல்லி அலுத்துவிட்டது. அதனால் எழுதுகிறேன்.

எம்.ஏ. ஆங்கிலம் என்பது இலக்கியப் படிப்பு. இந்திரா காந்தி தேசியத் திறந்தநிலைப் பல்கலைக்கழகமான இக்னோவின் எம்.ஏ. ஆங்கிலத்தை எடுத்துக்கொள்ளுங்கள். முதல் ஆண்டில் ஆங்கிலக் கவிதை, நாடகம், நாவல் என்று தாள்கள் வரும். கவிதைத் தாளைத் திறந்தால் ஆரம்பத்திலேயே சாசர் உட்கார்ந்திருப்பார். 14ஆம் நூற்றாண்டுக் கவிஞர். அவர் எழுதிய ஆங்கிலத்தை இன்றைய லண்டன்வாசியே அடிக்குறிப்பு இல்லாமல் படிக்க மாட்டார். ஏப்ரல் மாதத்தின் பெயர்கூட அதில் வேறு எழுத்துக்கூட்டலில் நிற்கும். அதைத் தாண்டி வந்தால் இலக்கியக் கோட்பாடு, அரிஸ்டாட்டிலில் ஆரம்பித்து பிரெஞ்சுத் தத்துவவாதி தெரிதா வரைக்கும். பையர் "ஷிப்மென்ட் ஏன் லேட்?" என்று கேட்கும்போது இதில் எது கைகொடுக்கும்?

தமிழே தெரியாத டெல்லிக்காரர் ஒருவர், கோயம்பேட்டில் காய்கறி வாங்கும் அளவுக்குத் தமிழ் வேண்டும் என்று வருகிறார். அவரை எம்.ஏ. தமிழில் சேர்த்துவிட்டு, சங்க இலக்கியமும் யாப்பிலக்கணமும் படியுங்கள் என்று யாராவது சொல்வோமா? ஆங்கிலம் என்றதும் மட்டும் நமக்கு அந்த நிதானம் போய்விடுகிறது.

"ரெண்டு வருஷம் இங்கிலீஷ்லயே படிச்சா தன்னால வந்துரும்ல மேடம்?" இது அடுத்த கேள்வி. வராது. சரி, முழுசாக மறுக்க வேண்டாம். உண்மையிலேயே மூலநூலை உட்கார்ந்து படித்தால் சொல்வளம் கூடும், எழுத்து மெதுவாகத் தேறும். ஆனால் பெரும்பாலோர் மூலநூலைத் தொடுவதே இல்லை. யூடியூபில் தமிழ் விளக்கம் கேட்கிறார்கள், கைடு வாங்குகிறார்கள், மனப்பாடம் செய்கிறார்கள், எழுதுகிறார்கள். மதிப்பெண்ணில் 70 விழுக்காடு பருவத் தேர்வுக்கு, 30 விழுக்காடு அசைன்மென்ட் மாதிரியான உள்மதிப்பீட்டுக்கு. பேச்சுக்கு என்று தனியாக ஒரு மதிப்பெண்ணும் கிடையாது. வாயே திறக்காமல் முதல் வகுப்பில் தேறலாம். தேறியவர்கள் சிலர் இன்றைக்கும் எனக்கு போன் செய்து, "மேடம், நல்ல ஸ்போக்கன் இங்கிலீஷ் கிளாஸ் எதாவது இருக்கா?" என்று கேட்கிறார்கள். தலையில் அடித்துக்கொள்ளலாம் போல இருக்கும்.

பேச வேண்டுமா, பேசுகிற இடத்துக்குப் போங்கள். இக்னோவிலேயே ஆறு மாத ஃபங்ஷனல் இங்கிலீஷ், அதாவது அன்றாடப் பயன்பாட்டு ஆங்கிலச் சான்றிதழ்ப் படிப்பு இருக்கிறது. பிரிட்டிஷ் கவுன்சிலின் ஆங்கிலம் கற்கும் தளத்தில் இலவசப் பயிற்சிகள் கொட்டிக் கிடக்கின்றன. எல்லாவற்றுக்கும் மேலே, அலுவலகத்தில் அந்த ஹெட்செட்டைக் கழற்றாமல் இருக்க வேண்டும். தப்பும் தவறுமாகப் பேசினால் பையர் ஆர்டரை ரத்து செய்துவிட மாட்டார். அவருக்கு வேண்டியது தேதியும் அளவும்.

இலக்கியம்தான் வேண்டும், பட்டம்தான் வேண்டும் என்பவர்கள் தாராளமாகச் சேருங்கள். பல்கலைக்கழக மானியக் குழுவான யு.ஜி.சி.யின் 2020 விதிமுறைப்படி, அங்கீகாரத்தோடு தரப்படும் ஆன்லைன் பட்டமும் நேரடி வகுப்புப் பட்டத்துக்குச் சமம். ஆனால் கண்ணை மூடிக்கொண்டு சேராதீர்கள்.

முதலில், யு.ஜி.சி.யின் தொலைநிலைக் கல்விப் பிரிவுக்கு (சுருக்கமாக டெப்) இணையதளம் இருக்கிறது. அதிலுள்ள அனுமதிப் பட்டியலில் உங்கள் பல்கலைக்கழகம் இருக்கிறதா, நீங்கள் சேரும் பருவத்துக்கு இருக்கிறதா, நீங்கள் சேரும் படிப்புக்கு இருக்கிறதா என்று மூன்றையும் பாருங்கள். தொலைநிலைக்கு ஒரு அனுமதி, ஆன்லைனுக்கு வேறு அனுமதி. ஒன்று இருப்பதால் மற்றதும் இருக்கும் என்று நினைக்காதீர்கள். முகவர் வைத்தோ ஃபிரான்சைஸ் கொடுத்தோ இந்தப் படிப்புகளை நடத்த விதியில் இடமே கிடையாது. "எங்க சென்டர்லயே கட்டிருங்க, தேர்வையும் நாங்க பாத்துக்கறோம்" என்று ஒருவர் சொன்னால், அந்தப் படிக்கட்டிலேயே திரும்பிவிடுங்கள். கட்டணம் பல்கலைக்கழகத்தின் சொந்த போர்ட்டலில் மட்டும்.

சேர்வதற்கு அந்தப் பிரிவின் அடையாள எண்ணான டெப் ஐடி வேண்டும். அதற்கு முன்னால் ஏபிசி ஐடி, அதாவது மாணவர்களின் கிரெடிட்களைச் சேர்த்து வைக்கும் கணக்கின் எண் வேண்டும். இரண்டையும் நீங்களே, உங்கள் மொபைல் எண்ணில் உருவாக்குங்கள். இங்கே நம் ஊருக்கே உரிய ஒரு தலைவலி உண்டு: இனிஷியல். பத்தாம் வகுப்பு மதிப்பெண் பட்டியலில் முன்னால் ஒரு எஸ், ஆதாரில் பின்னால் செல்வராஜ், டிகிரி சான்றிதழில் இரண்டும் இல்லை. கம்ப்யூட்டருக்கு இவர்கள் மூன்று பேர். தேர்வுக்கு முந்தைய வாரம் அழுதுகொண்டு வராமல், சேரும் முன்பே சரிசெய்யுங்கள்.

அரசு வேலையில் இருப்பவர்கள் துறை அனுமதி வாங்கிவிட்டுச் சேருங்கள். சேர்ந்துவிட்டு வாங்கலாம் என்று இருக்காதீர்கள். திறந்தநிலைப் பல்கலைக்கழகப் பட்டத்தோடு தமிழக அரசு வேலைக்குப் போக நினைப்பவர்கள், பத்தும் பன்னிரண்டும் முறையாக முடித்திருக்க வேண்டும். 2009ஆம் ஆண்டின் 107ஆம் எண் அரசாணையைத் தேடிப் படியுங்கள்.

அப்புறம் நேரம். "ஞாயித்துக்கிழமை உக்காந்தா போதும்ல?" போதாது. பாடச்சுமையை அளக்கும் அலகுக்கு கிரெடிட் என்று பெயர்; ஒரு கிரெடிட்டுக்கு 30 மணி நேரப் படிப்பு என்பது கணக்கு. இக்னோவின் கவிதைத் தாள் 8 கிரெடிட், அதாவது 240 மணி நேரம். இப்படி வருடத்துக்கு நாலு தாள் என்றாலே வாரத்துக்கு 18 மணி நேரத்துக்கு மேல் வருகிறது. அத்தனையும் படிக்கிறவர் குறைவுதான், எனக்கும் தெரியும். பாதியாவது வேண்டாமா?

அசைன்மென்ட்டை ஜெராக்ஸ் கடையில் வாங்கி அப்படியே பார்த்து எழுதுவதைத் தயவுசெய்து நிறுத்துங்கள். திருத்துகிறவருக்குத் தெரியாது என்றா நினைக்கிறீர்கள்? ஒரே எழுத்துப்பிழை வரிசையாகப் பல தாள்களில் வருகிறது. ஒருவர் அழகான கையெழுத்தில், ஒவ்வொரு பக்கத்தின் அடியிலும் விற்றவரின் வாட்ஸாப் எண்ணையும் சேர்த்தே எழுதியிருந்தார். இதைவிட, சொந்தமாக நாலு பக்கம் தப்பாக எழுதுங்கள், திருத்தித் தருகிறேன். தேர்வு நேரத்தில் கையும் ஓடும். வருடக்கணக்காக போனில் மட்டுமே தட்டிக்கொண்டிருந்த விரல், பேனா பிடித்து எழுத ஆரம்பித்தால் ஒரு மணி நேரத்தில் இழுத்துக்கொள்ளும்.

பணம் கட்டும் முன்பு ஒரே ஒரு காரியம் செய்யுங்கள். இக்னோவின் பாடப்புத்தகங்கள் இ-ஞான்கோஷ் தளத்தில் யாருக்கும் இலவசம். அதில் கவிதைத் தாளின் முதல் புத்தகத்தை இறக்கி, ஒரு ராத்திரி பத்துப் பக்கம் படித்துப் பாருங்கள். பதினோராவது பக்கத்தைப் புரட்டத் தோன்றினால் சேருங்கள். கொட்டாவி வந்தால் கட்டணத்தைச் சேமித்துக்கொள்ளுங்கள்.

ஏற்கெனவே சேர்ந்துவிட்டவர்கள் பயந்து ஓட வேண்டாம். இரண்டு வருட எம்.ஏ.வை முடிக்க இக்னோவில் நான்கு வருடம் வரை இடமுண்டு. எல்லாத் தாளையும் முதல் தேர்விலேயே எழுதியாக வேண்டும் என்ற கட்டாயமும் அங்கே கிடையாது. வேறு பல்கலைக்கழகம் என்றால் அங்கே என்ன விதி என்று கேட்டுக்கொள்ளுங்கள். முதல் முறை இரண்டு தாள் போதும். அதில் ஒன்று நாவலாக இருக்கட்டும். பஸ்ஸில் போகும்போதும் வரும்போதும் கதையாகவே படித்துவிடலாம். சாசரை அடுத்த தேர்வுக்குத் தள்ளிவையுங்கள்.