ஜூன் 5-க்கு மட்டுமான வேலையா இது?

பிளஸ் டூ ரிசல்ட் வரும் வாரங்களில் சூழல் கல்வி வேலையில் இருக்கும் எனக்கு வரும் போன்களில் பாதி ஒரே கேள்விதான். "பையனுக்குக் காடு, பறவைன்னா உயிர். இதுல படிச்சா வேலை கிடைக்குமாங்க?" கிடைக்கும். ஆனால் என்ன வேலை என்று தெரிந்துகொண்டு வருகிறவர்கள் குறைவு.

வழக்கறிஞர் எம்.சி. மேத்தா தொடுத்த பொதுநல வழக்கில், 1991-ல் உச்ச நீதிமன்றம் சுற்றுச்சூழலைப் பள்ளி, கல்லூரிகளில் கட்டாயப் பாடமாக்கச் சொன்னது. இன்று எந்த டிகிரி படித்தாலும் சுற்றுச்சூழல் பேப்பர் ஒன்றை எழுத வேண்டியிருப்பது அதன் தொடர்ச்சிதான். 2001-ல் மத்திய அரசின் தேசிய பசுமைப்படைத் திட்டம் தொடங்கி, பள்ளிகளில் சூழல் மன்றங்களும் வந்தன. பாடம் வந்த அளவுக்கு அதை நடத்த ஆள் வரவில்லை. நான் போய்வந்த பல கல்லூரிகளில் யாருக்குப் பீரியட் குறைவோ அவர் தலையில்தான் அந்தப் பேப்பரைக் கட்டுகிறார்கள். பிள்ளைகளும் ஓசோன் படலத்தைப் பற்றி நாலு பக்கம் எழுதிப் பாஸாகிவிடுகிறார்கள். கல்லூரிக்குப் பின்னாலேயே இருக்கும் ஏரிக்குத் தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்று கேட்டால் தெரியாது. எங்களுக்கான வேலை அங்கேதான் ஆரம்பிக்கிறது.

பெரிய கருவி எதுவும் வேண்டாம். ஒரு டீ வடிகட்டி, ஒரு வெள்ளைத் தட்டு போதும். செங்கல்பட்டு பக்கம் ஏதாவது ஒரு ஏரிக்கரையில், கோரைப்புல்லின் அடியில் வடிகட்டியால் அரித்தால் மண்ணிறத்தில் அழகில்லாத ஒரு பூச்சி வரும். தட்டானின் இளம்பருவம் அது. தட்டில் கொஞ்சம் தண்ணீர் ஊற்றி, கூடவே நாலு கொசுப்புழுவை விட்டுக் காத்திருக்க வேண்டும். முகத்துக்கு அடியில் மடித்து வைத்திருக்கும் கீழுதட்டைச் சட்டென்று நீட்டிப் புழுவைப் பிடித்து இழுத்துக்கொள்ளும். பாதிப் பேருக்குக் கண்ணில் பட்டிருக்காது. "இன்னொரு தடவை சார்!" என்று தட்டைச் சுற்றி முட்டி மோதுவார்கள். அப்புறம்தான் பாடம் தொடங்கும். இந்தப் பூச்சி ஏன் இங்கே இருக்கிறது, சாக்கடை கலந்தால் தங்குமா, ஏரி ஏன் முன்னைப்போல நிரம்புவதில்லை? கடைசிக் கேள்விக்குப் பதில் பெரும்பாலும் என்னிடம் இருக்காது. கரையில் மாடு மேய்க்கும் பெரியவரிடம் இருக்கும். ஏரிக்குத் தண்ணீர் கொண்டுவரும் வரத்துக்கால் எந்த இடத்தில் தூர்ந்தது, மதகை முன்பெல்லாம் யார் திறந்தார்கள் என்று வரிசையாகச் சொல்வார். அவரைப் பேசவிட்டு ஓரமாக நிற்பதும் இந்தத் தொழிலில் ஒரு திறமை. பட்டம் வாங்கிய கையோடு வருகிறவர்களுக்கு அது லேசில் வருவதில்லை.

ஜூன் 5 கதையையும் சொல்லிவிடுகிறேன். உலகச் சுற்றுச்சூழல் தினம் என்று பள்ளிகள் மரக்கன்று நட அழைக்கும். தமிழ்நாட்டின் கிழக்குப் பக்கத்துக்குப் பெருமழை அக்டோபரில் தொடங்கும் வடகிழக்குப் பருவத்தில்தான். கத்திரி முடிந்த சூட்டோடு குழி தோண்டி நட்டுவிட்டு, மறுநாளிலிருந்து யாரும் தண்ணீர் ஊற்றவில்லை என்றால் கன்று என்ன செய்யும்? அதனால் "ஜூனில் நாற்றங்கால் போடுவோம், பிள்ளைகளே விதை ஊன்றட்டும், நடுவதை ஐப்பசிக்கு வைத்துக்கொள்ளலாம்" என்பேன். சில தலைமையாசிரியர்கள் உடனே சரி என்பார்கள். அன்றைக்கே போட்டோ வேண்டும் என்பவர்கள் வேறு ஆளைக் கூப்பிட்டுக்கொள்வார்கள். சொந்த ஊரின் மழையும் மண்ணும் தெரியாமல், உலக வெப்பமயமாதலைப் பற்றி மட்டும் பேசத் தெரிந்தவர் இங்கே ரொம்ப நாள் தாக்குப்பிடிக்க மாட்டார் என்பது என் எண்ணம்.

சரி, படிப்பு. மேட்டுப்பாளையம் வனக்கல்லூரியில் வனவியல் பட்டம் இருக்கிறது. காட்டுயிர் உயிரியலுக்கு மயிலாடுதுறை ஏ.வி.சி. கல்லூரி, ஊட்டி அரசு கலைக் கல்லூரி. ஆராய்ச்சி ஆர்வம் இருந்தால் கோவை பக்கம் ஆனைக்கட்டியில் சலீம் அலி பறவையியல் மையம். சூழல் கல்விக்கென்றே அகமதாபாத்தில் 1984-ல் தொடங்கிய சுற்றுச்சூழல் கல்வி மையமும் (சி.இ.இ.) சென்னையில் சி.பி.ஆர். மையமும் உண்டு.

அரசு வேலைதான் குறி என்றால், டிகிரியைத் தேர்ந்தெடுக்கும் முன்பே தேர்வு விதிகளைப் பாருங்கள். இந்திய வனப்பணிக்கு எந்தப் பட்டம் இருந்தாலும் போதும் என்று பலர் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். போதாது. தாவரவியல், விலங்கியல், வேதியியல், புள்ளியியல் போன்ற அறிவியல் பாடம் ஒன்றோ, வேளாண்மை, வனவியல், பொறியியல் பட்டமோ வேண்டும். பி.காம். மட்டும் முடித்தவர் எழுத முடியாது. டி.என்.பி.எஸ்.சி. நடத்தும் உதவி வனப் பாதுகாவலர், வனத்தொழில் பழகுநர் தேர்வுகளுக்கும் பாட நிபந்தனை உண்டு. எழுத்துத் தேர்வில் தேறினாலும் நடைத் தேர்வு இருக்கிறது: ஆண்கள் 25 கிலோமீட்டரை 4 மணி நேரத்தில் நடந்து முடிக்க வேண்டும்.

தொண்டு நிறுவனப் பக்கம் கதை வேறு. சம்பளம் பெரும்பாலும் திட்டத்தை நம்பித்தான். நிதி முடிந்தால் வேலையும் முடியும். வீட்டுக்கடன் இருக்கிற குடும்பம் என்றால் இதை முதலிலேயே உட்கார்ந்து பேசிவிடுங்கள். பின்னால் வருத்தப்படுவதைவிட அது மேல்.

பிள்ளைக்கு உண்மையிலேயே இது ஒத்துவருமா என்று பார்க்கப் பணம் கட்டி ஆன்லைன் சான்றிதழ் வாங்க வேண்டியதில்லை. ஜனவரியில் பொங்கல் பறவைகள் கணக்கெடுப்பு நடக்கும். யார் வேண்டுமானாலும் கலந்துகொள்ளலாம். வீட்டுக்குப் பக்கத்துக் குளத்தில் 15 நிமிடம் நின்று, பார்த்த பறவைகளை எண்ணி பறவைப் பதிவுகளுக்கான இ-பேர்டு இணையதளத்தில் ஏற்றினால் போதும். பொங்கலோடு நிறுத்தாமல், வாரம் ஒருமுறை அதே குளத்துக்குப் போய் தேதி, தண்ணீர் மட்டம், பறவை எண்ணிக்கை மூன்றையும் ஒரு நோட்டில் எழுதச் சொல்லுங்கள். பங்குனி வெயிலிலும் தொடர்ந்து போகிறாரா என்று பாருங்கள். வேலை கேட்டு வருகிறவர்களிடம் நான் சான்றிதழுக்கு முன்னால் கேட்பது அந்த மாதிரி நோட்டைத்தான்.