கண்டல் மரம் சேற்றுக்குள் எப்படி மூச்சு விடுகிறது?

மட்டக்களப்பில் பாலமீன்மடு வெளிச்சவீட்டுப் பக்கம் போனால், வாவிக் கரையில் நிற்கும் கண்ணா என்ற கண்டல் மரங்களின் அடியைக் கொஞ்சம் குனிந்து பாருங்கள். சேற்றிலிருந்து விரல் நீளத்துக் குச்சிகள் நூற்றுக்கணக்கில் நேராக மேல்நோக்கி நிற்கும். யாரோ வரிசை தப்பி நட்டுவிட்டுப் போனது போலத் தெரிந்தாலும் அவை அந்த மரத்தின் வேர்கள்தான். வேர் கீழே போவதை விட்டு மேலே வருவதற்குச் சேறுதான் காரணம்.

அந்தச் சேற்றைக் கையால் கிளறினால் ஒரு விரற்கடைக்குக் கீழே கறுப்பாக இருக்கும். அழுகிய முட்டை மணம் வரும். துணிக்கைகள் மிகவும் நுண்ணியவை, இடைவெளியெல்லாம் நீர். காற்று இறங்க வழியில்லை. இருக்கிற கொஞ்ச ஒட்சிசனையும் மேல்மட்டத்துப் பற்றீரியாக்கள் முடித்துவிடுகின்றன. அதற்குக் கீழே ஒட்சிசன் இல்லாமலே வாழும் வேறு பற்றீரியாக்கள் கடல்நீரில் உள்ள சல்பேற்றைப் பயன்படுத்தி ஐதரசன் சல்பைட்டை வெளிவிடுகின்றன. மணம் அதனுடையது. வேர்களுக்கு அது நஞ்சும்கூட. ஒரு மாங்கன்றை அங்கே நட்டால் வேர் அழுகிப் பட்டுப்போகும்.

கண்ணா மரம் தப்புவது அந்தக் குச்சிகளால், அதாவது மூச்சுவேர்களால். ஒன்றைக் கிட்டப் பார்த்தால் தோலில் சின்னச் சின்னப் புள்ளிகள் தெரியும். அவை பட்டைவாய்கள். உள்ளே பஞ்சு போன்ற, காற்று நிறைந்த இழையம். பட்டைவாய் வழியே காற்றுப் போகும், நீர் புகாது. நீர் ஏறி மூச்சுவேர் மூழ்கினால், உள்ளே உள்ள ஒட்சிசனை வேர் சுவாசித்துச் செலவழிக்கிறது. பதிலுக்கு உண்டாகும் காபனீரொட்சைட்டு நீரில் இலகுவாகக் கரைந்து போய்விடும். ஆகவே உள்ளே வாயு குறைந்து அமுக்கம் தாழ்கிறது. நீர் வடிந்து நுனி வெளியே தெரிந்ததும் வெளிக்காற்று தானாகவே உள்ளே இழுபடுகிறது. இதயமோ நுரையீரலோ இல்லாத ஒரு மரம் நீரின் ஏற்ற இறக்கத்தைக் கொண்டே மூச்சு வாங்குவதை எத்தனை முறை யோசித்தாலும் எனக்கு வியப்புத் தீர்வதில்லை.

1955இல் பேர் சோலாண்டர் என்ற ஆய்வாளரும் அவருடைய குழுவினரும் இதை அளந்து வெளியிட்டார்கள். தாங்குவேர் விடும் கண்டல் இனம் ஒன்றில் பட்டைவாய்களைக் கிறீஸ் பூசி அடைத்துப் பார்த்தார்கள். சேற்றுக்குள் இருந்த வேரில் ஒட்சிசன் இரண்டு நாளில் 2 வீத அளவுக்கு இறங்கிவிட்டது.

சரி, நீர் வடியாமல் நின்றுவிட்டால்? நம்முடைய வாவியில் கேட்க வேண்டிய கேள்வி இதுதான். இலங்கைக் கரையில் கடல் ஏறி இறங்குவது ஒரு மீற்றருக்கும் குறைவு. வாவி கடலோடு சேரும் முகத்துவாரத்தை மணல் மூடிவிட்டால் அதுவும் உள்ளே வராது. அப்புறம் வாவியின் நீர்மட்டத்தை முடிவு செய்வது மாரி மழையும் அந்த மணல்மேடும்தான். மழை கொட்டி, வாவியின் மேற்குக் கரையான படுவான்கரை வயல்களில் வெள்ளம் ஏறினால், முகத்துவாரத்தை வெட்டிவிடச் சொல்லி விவசாயிகள் கேட்பார்கள். மீனவர்களுக்கு அதில் வேறு கணக்கு இருக்கும். இரண்டு தரப்பும் நியாயமாகத்தான் பேசுகிறார்கள். ஆனால் மூச்சுவேர் நுனிகள் நீருக்கு மேலே தெரிகின்றனவா என்பதையும் அந்தப் பேச்சில் சேர்க்க வேண்டும் என்பது என் கருத்து. உலகில் பல இடங்களில் கண்ணா இனங்கள் நீண்ட நாள் மூழ்கிக் கூட்டமாக இறந்திருக்கின்றன.

இறாலுக்கும் நண்டுக்கும் அதே வாசல்தான் வேண்டும். களப்பு நண்டின் பெண் முட்டை பொரிக்கக் கடலுக்குப் போகிறது. இறாலும் கடலில்தான் முட்டையிடுகிறது. குஞ்சுகள் முகத்துவாரத்தால் உள்ளே வந்து, பெரிய மீன் நுழைய முடியாத வேரிடுக்குகளில் வளர்கின்றன. கண்டல் ஓரமாகத் தோணியை விட்டு வீச்சுவலை எறிகிறவர்களுக்கு இதை யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை.

உப்பை இந்த மரங்கள் பெரும்பாலும் வேரிலேயே தடுத்துவிடுகின்றன. மிஞ்சியதைக் கண்ணா இலைச் சுரப்பிகளால் வெளியேற்றுகிறது. கோடையில் இலையை நக்கினால் கரிக்கும்.

2004 சுனாமிக்குப் பிறகு நாடு முழுக்கக் கண்டல் நட ஆர்வம் வந்தது. 2017இல் வெளியான ஆய்வொன்று 23 இடங்களைப் பரிசோதித்தது. 9 இடங்களில் ஒரு கன்றுகூட மிஞ்சவில்லை. பல இடங்களில் நட்டது தாங்குவேர் விடும் கண்டலான றைசோபோராவை. அதன் விதை தாய்மரத்திலேயே முளைத்து, ஈட்டி போல நீண்டு தொங்கும். பொறுக்கவும் எளிது, சேற்றில் குத்தவும் எளிது. ஆனால் குத்திய இடம் எப்போதும் நீர் நிற்கும் தாழ்வான சேறாக இருந்தால் இளங்கன்றுக்கு மூச்சு முட்டும். இன்னும் மேடாகப் போனால் கோடையில் காய்ந்துவிடும், மாடும் ஆடும் மேயும்.

தானாக முளைத்த கன்றுகள் எந்த மட்டத்தில் நிற்கின்றன என்று முதலில் பார்ப்பது நல்லது. அப்படி நிற்கும் இடத்தில் நடவே தேவைப்படாது. அடைபட்ட நீரோட்டத்தைத் திறந்துவிட்டால் விதைகள் மிதந்து வரும். நட்டே ஆக வேண்டுமானால், ஒரு மாரியும் ஒரு கோடையும் அந்த இடத்தில் கம்பு ஒன்றை ஊன்றி, நீர் எதுவரை ஏறுகிறது, எத்தனை நாள் நிற்கிறது என்று குறித்து வைக்கலாம். கரையோரத்து மீனவர்களைக் கேட்டால் அதில் பாதி வேலை குறையும்.