கூட்டம் தானாக வரிசை பிரிவது எப்படி?

சிவராத்திரி இரவில் திருகோணமலையின் பிரெட்றிக் கோட்டை வாசலால் நுழைந்து கோணேசர் கோயிலுக்கு ஏறுபவர்களும், தரிசனம் முடித்து இறங்குபவர்களும் ஒரே வீதியில்தான் நடக்கிறார்கள். நடுவில் கயிறு கட்டாவிட்டாலும், கொஞ்ச நேரத்தில் ஏறுபவர் ஏறுபவரின் பின்னாலும், இறங்குபவர் இறங்குபவரின் பின்னாலும் போகத் தொடங்கிவிடுவார்கள். இப்படிப் பிரியும்படி யாரும் சொல்வதில்லை.

டிர்க் ஹெல்பிங், பீட்டர் மோல்நார் என்ற ஆய்வாளர்கள் 1995இல் இதை இயற்பியல் கணக்காக எழுதினார்கள். போகவேண்டிய இடம் நம்மை முன்னே இழுக்கிறது. அருகே இருப்பவர்களும் மதில்களும் நம்மை விலக்குகின்றன. எதிர்த்திசைக் கூட்டத்துக்குள் மாட்டிக்கொண்டவர் அடிக்கடி ஒதுங்கவேண்டி வரும். ஒதுங்கி ஒதுங்கி, தன் திசையில் போகும் ஒருவரின் முதுகுக்குப் பின்னால் வந்துவிட்டால் தள்ளுவிசை குறைகிறது. அப்புறம் அந்த இடத்தை விட்டு விலக அவருக்குக் காரணமே இல்லை. அவர் பின்னால் இன்னொருவர் சேருவார். கணினியில் இந்த விதிகளைக் கொடுத்தாலே வரிசைகள் உருவாகிவிடும்.

சரி, நிஜ மனிதர்களின் நடையை எப்படி அளப்பது? தலைக்கு மேலே ஆழம் அளக்கும் சென்சரைப் பொருத்துவார்கள். அது அகச்சிவப்பு ஒளியை அனுப்பி, கீழே உள்ள ஒவ்வொரு புள்ளியும் எவ்வளவு தூரத்தில் இருக்கிறது என்று கணிக்கும். தலைதான் அதற்கு மிக அருகில் இருக்கும். அந்த மேட்டை நொடிக்குப் பல தடவை கண்டுபிடித்து இணைத்தால் ஒருவர் நடந்த பாதை கோடாகக் கிடைத்துவிடும். அடிக்கு அடி உடம்பு இடமும் வலமும் அசைவதுகூட அந்தக் கோட்டில் நெளிவாகத் தெரியும்.

முகம் அதில் பதிவதில்லை. இது எனக்கு மிக முக்கியமாகப் படுகிறது. சோதனைச் சாவடிகளில் அடையாள அட்டையை நீட்டி நீட்டி நடந்த ஊர் நம்முடையது. கமரா என்றதும் இங்கே மனம் சுருங்குவது நியாயம். எங்கே வைத்தாலும், திரையில் என்ன தெரிகிறது என்பதை முதலில் மக்களுக்குக் காட்டிவிட வேண்டும்.

நெதர்லாந்தின் ஐந்தோவன் நகரில் அப்படி மக்களையே பங்காளிகளாக்கினார்கள். அங்கு நடந்த 2017 ஒளி விழாவில், நடைவழி ஒன்றின் நடுவே தடுப்பு வைத்து, அம்புக்குறிகளை மாற்றி மாற்றிக் காட்டி, எந்தப் பக்கம் போகிறார்கள் என்று அளந்தார்கள். சுமார் 1,40,000 பேர் அதில் நடந்தார்கள். அதே நகர ரயில் நிலையத்தில் பல லட்சம் பாதைகளைப் பதிந்து, நடப்பவர்கள் ஏன் மோதிக்கொள்வதில்லை என்று ஆராய்ந்த குழுவுக்கு 2021இல் இக் நோபல் பரிசு கிடைத்தது. முதலில் சிரிக்கவைத்து, பிறகு சிந்திக்கவைக்கும் ஆய்வுகளுக்கான பரிசு அது. அறிவியலுக்குள் ஒருவரை அழைத்துவர இதைவிட நல்ல வாசல் எனக்குத் தெரியவில்லை. பார்க்க வந்தவரின் கால்களே பரிசோதனையாகிவிடுகின்றன.

சென்சர் இல்லாமலும் தொடங்கலாம். டச்சுக்குடாக் கடற்கரையோர நடைபாதையில் 10 மீற்றர் தூரத்தைச் சோக்கால் குறித்து, மாணவர்கள் போனில் நேரம் பார்க்கட்டும். நெரிசல் இல்லாதபோது ஒருவர் நொடிக்கு ஏறத்தாழ 1.3 மீற்றர் நடப்பார். அதாவது ஏழெட்டு நொடி. மாலையில் ஆட்கள் கூடக்கூட வேகம் குறைவதை வரைபடமாக்கலாம். போனைப் பார்த்தபடி நடப்பவர்களைத் தனியாகக் குறிப்பதும் நல்லது. ஜப்பானில் இரண்டு குழுக்களை எதிரெதிரே நடக்கவிட்டபோது, 27 பேர் கொண்ட ஒரு குழுவில் மூன்றே பேர் போனில் மூழ்கியிருந்தது மொத்தக் கூட்டமும் வரிசை பிரிவதைத் தாமதப்படுத்தியது.