ஆய்வு மாணவர்களுக்குத் திட்ட மேலாண்மைப் பயிற்சி ஏன் வேண்டும்?

மருத்துவக் கல்லூரிகளில் ஆய்வு முறையியல் வகுப்பு என்றால், மாதிரி அளவைக் கணக்கிடுவதும் புள்ளியியல் சோதனையைத் தேர்ந்தெடுப்பதும்தான் பெரும்பகுதி நேரத்தை எடுத்துக்கொள்கின்றன. அவை தேவைதான். ஆனால், இளம் ஆய்வாளர்களுக்குப் பயிற்சி அளித்தும் ஆய்வுகளுக்கு அனுமதி தரும் நெறிமுறைக் குழுவின் கூட்டங்களில் அமர்ந்தும் நான் கண்டவரை, எம்.டி. மாணவர்களின் ஆய்வுகள் பெரும்பாலும் தடுமாறுவது புள்ளியியலில் அல்ல. எந்த வேலை எதற்கு முன் முடிய வேண்டும், அதற்கு எவ்வளவு காலம் பிடிக்கும், அதைச் செய்யப்போவது யார் என்பவற்றை யாரும் முன்கூட்டியே யோசிக்காததில்தான். இப்படி யோசித்துத் திட்டமிடுவதைத்தான் திட்ட மேலாண்மை என்கிறேன்.

நோயாளிகளைச் சேர்க்கும் கணக்கையே எடுத்துக்கொள்வோம். புறநோயாளிப் பிரிவுக்கு அந்த நோயுடன் மாதம் 20 பேர் வருகிறார்கள் என்பதால், 120 பேரைச் சேர்க்க ஆறு மாதம் போதும் என்று மாணவர் எழுதிவிடுகிறார். வயது, கர்ப்பம், சிறுநீரகக் கோளாறு முதலிய விலக்கு நிபந்தனைகளால் பாதிப் பேர் கழிந்து, எஞ்சிய பத்துப் பேரில் ‘வீட்டில் கேட்டுவிட்டு வருகிறேன்’ என்று சொல்லிப் போன நால்வர் திரும்பாவிட்டால், மாதத்துக்கு ஆறு பேரே மிஞ்சுவர். ஆறு மாத வேலை 20 மாதமாகிவிடும். ஒவ்வொருவரையும் ஆறு மாதம் தொடர்ந்து பார்க்க வேண்டியிருந்தால், கடைசி நோயாளியின் கடைசி வருகை முடிய 26 மாதங்கள் ஆகும். மூன்றாண்டுப் படிப்பில், அனுமதிகளுக்குக் கழியும் தொடக்க மாதங்களையும் தேர்வுக்கு முன்பே ஆய்வேட்டைச் சமர்ப்பிக்க வேண்டிய கெடுவையும் சேர்த்துப் பார்த்தால், இது நடக்கிற காரியமல்ல. ஆய்வு தொடங்கியதுமே தகுதியான நோயாளிகள் குறைந்துபோவதை, அமெரிக்க மருந்தியலாளர் லூயி லசாக்னாவின் பெயரால் ‘லசாக்னா விதி’ என்றே ஆய்வுலகம் அழைக்கிறது. கால அட்டவணை எழுதும் முன் ஒரு மாதப் புறநோயாளிப் பதிவேட்டைப் புரட்டித் தகுதியுள்ளவர்களை எண்ணச் சொல்வதே என் வகுப்பின் முதல் பயிற்சி.

அனுமதிகளுக்கும் ஒரு வரிசை உண்டு. நெறிமுறைக் குழு திருத்தம் கேட்டால், தமிழ் ஒப்புதல் படிவத்தையும் திருத்தி மீண்டும் அனுப்ப வேண்டும். சிகிச்சையைச் சோதிக்கும் ஆய்வு என்றால், முதல் நோயாளியைச் சேர்க்கும் முன்பே இந்திய மருத்துவப் பரிசோதனைகள் பதிவேடான சி.டி.ஆர்.ஐ.யில் பதிந்திருக்க வேண்டும். ஆய்வைத் தொடங்கிவிட்டுப் பிறகு பதியும் பின்தேதிப் பதிவுக்கு 2018 ஏப்ரல் 1 முதல் அங்கே இடமில்லை.

ஆய்வகத்தில் இந்த வரிசை இன்னும் நுட்பமானது. இரத்த மாதிரியில் ஒரு குறிப்பிட்ட பொருளின் அளவைக் காட்டும் எலைசா சோதனைக்கான தட்டில் 96 குழிகள். அளவு தெரிந்த ஒப்பீட்டுக் கரைசல்களுக்கான குழிகள் போக, ஒவ்வொரு மாதிரியையும் இருமுறை சோதித்தால் ஒரு தட்டில் ஏறக்குறைய 40 மாதிரிகளே அடங்கும். நிதி வந்ததும் 120 பேருக்குத் தேவையான மூன்று கிட்டுகளையும் ஒன்றாக வாங்கிவிட்டால், மாதம் ஆறு மாதிரி சேரும் வேகத்தில் அவை காலாவதியாகிவிடக்கூடும். இரத்தத்திலிருந்து பிரித்த திரவமான சீரத்தை உறைநிலையில் சேமிப்பதும் கொள்முதலைத் தள்ளிப்போடுவதும் முன்கூட்டியே எடுக்க வேண்டிய முடிவுகள். மின்சாரம் போனால் உறைபெட்டியைப் பார்ப்பவர் யார் என்பதும் திட்டத் தாளில் இடம்பெற வேண்டும்.

பொறுப்பு யாருடையது என்பது பாதுகாப்பு சார்ந்த கேள்வியும்கூட. 2019ஆம் ஆண்டின் புதிய மருந்துகள் மற்றும் மருத்துவப் பரிசோதனை விதிகளின்படி, கடுமையான பாதக விளைவை ஆய்வாளர் 24 மணி நேரத்துக்குள் அறிவிக்க வேண்டும். பங்கேற்பாளர் ஞாயிறு இரவில் அவசரப் பிரிவில் சேர்ந்தால், அங்குள்ள பணி மருத்துவருக்கு அவர் ஆய்வில் இருப்பதே தெரியாமல் போகலாம். ஆய்வு எண்ணும் தொலைபேசி எண்ணும் அச்சிட்ட ஒரு சிறு அட்டை அந்தச் சிக்கலைத் தீர்த்துவிடும்.

இவையெல்லாம் மென்பொருள் நிறுவனங்களின் சங்கதி என்று ஒதுக்குவோர் உண்டு. ஆனால், மருத்துவ ஆய்வுக்கு இது புதிதல்ல. 1956இல் சென்னையில் தொடங்கிய காசநோய் ஆய்வு மையம், வீட்டிலிருந்தே பெறும் சிகிச்சை, நோயாளிகளைத் தங்கவைக்கும் காசநோய் மருத்துவமனையான சானடோரியத்தில் பெறும் சிகிச்சைக்குக் குறைந்ததல்ல என்று 1959இல் காட்டியது. முன்னறிவிப்பின்றி வீடுகளுக்குச் சென்றும் சிறுநீரைச் சோதித்தும் நோயாளிகள் மருந்து உட்கொள்வதைக் கண்காணித்த ஒழுங்கான களப்பணி அந்த முடிவின் பின்னால் இருந்தது.

பொதுவான சான்றிதழ் வகுப்புகளை நான் அவ்வளவாகப் பரிந்துரைப்பதில்லை. மாணவர் தம் சொந்த ஆய்வுத் திட்டத்தோடு வந்து, நெறிமுறைக் குழுச் செயலரும் ஆய்வகப் பொறுப்பாளரும் உடனிருக்க, வேலை வரிசை, பொறுப்பாளர், இடர் ஆகியவற்றை ஒரே தாளில் எழுதி முடிக்கும் இரண்டு நாள் பட்டறையே பயன் தருகிறது. வழிகாட்டிப் பேராசிரியரும் அரைநாளாவது அமர வேண்டும். துறையின் மாதாந்தரக் கூட்டத்தில் அந்தத் தாளை எடுத்து வைத்துக் கேள்வி கேட்க வேண்டியவர் அவர்தான்.