கழுதை இனம் பிழைக்க எத்தனை ஆண் வேண்டும்?

கழுதைப் பால் பண்ணை வைக்க யோசனை கேட்டு வருபவர்கள் இப்போது அதிகம். எத்தனை பெட்டை வாங்கலாம், எவ்வளவு கறக்கும், என்ன விலை போகும் என்று விவரமாகக் கேட்பார்கள். ஆண் கழுதையைப் பற்றி நானாகத்தான் பேச்சை எடுக்க வேண்டியிருக்கிறது. "ஒண்ணு இருந்தா போதாதா டாக்டர்?" என்பார்கள். சினை பிடிக்க ஒன்று போதும். இனம் பிழைக்கப் போதாது.

2012 கால்நடைக் கணக்கெடுப்பில் இந்தியாவில் சுமார் 3.2 லட்சம் கழுதைகள் இருந்தன. 2019-இல் அது 1.2 லட்சம் அளவுக்குச் சரிந்துவிட்டது. செங்கல் சூளையிலும் மணல் சுமப்பதிலும் வண்டிகள் வந்துவிட்டன, சலவைக்குப் பொதி சுமக்கும் வேலையும் போய்விட்டது. சில இடங்களில் இறைச்சிக்காகத் திருட்டுத்தனமாக வெட்டுகிறார்கள்.

மிஞ்சியவை எல்லாம் ஒரே மாதிரிக் கழுதைகள் என்று பலர் நினைக்கிறார்கள். அப்படியில்லை. கர்னாலில் உள்ள தேசிய விலங்கு மரபணு வள அமைப்பு தனி இனங்களாகப் பதிவு செய்தவற்றில் மூன்றைப் பாருங்கள். இமாச்சலத்தின் ஸ்பிதி கழுதை சிறிய உடம்பும் அடர்ந்த முடியுமாக, மலைக்குளிரில் பொதி சுமக்கும். குஜராத்தின் கச்சி கழுதை பெரும்பாலும் சாம்பல் நிறம். அதே மாநிலத்து ஜாம்நகர், துவாரகைப் பக்கத்து ஹலாரி வெள்ளை நிறம், நல்ல உயரம், சாதுவான குணம். பர்வாட், ரபாரி மேய்ப்பர்கள் ஆட்டு மந்தையோடு ஊர் ஊராகப் போகும்போது அவர்கள் வீட்டுச் சாமான் எல்லாம் ஹலாரி முதுகில்தான். இன்று அந்த இனத்தில் எஞ்சியிருப்பவை சில நூறுதான். நம் ஊர்க் கழுதைகளுக்கு இன்னும் இனப் பெயர்கூடக் கிடைக்கவில்லை.

உலகின் வீட்டுக் கழுதைகள் எல்லாமே ஏறத்தாழ 7000 ஆண்டுகளுக்கு முன் கிழக்கு ஆப்பிரிக்காவில் பழக்கப்பட்டவற்றின் வழி வந்தவை என்று 2022-இல் வெளியான மரபணு ஆய்வு சொல்கிறது. (குஜராத்தில் கச்சின் சிறிய ரண் என்ற உப்புப் பாலைநிலத்தில் திரியும் காட்டுக் கழுதை வேறொரு சிற்றினம், நம் கழுதைக்கு மூதாதை இல்லை.) ஒரே வேரிலிருந்து வந்தாலும் குளிருக்கும் வறட்சிக்கும் நெடுநடைக்கும் தனித்தனியே பழகிய உடம்புகள் இவை. ஒன்றை இழந்தால் இன்னொன்றை வைத்து ஈடுகட்ட முடியாது.

இப்போது ஆண் கழுதைக்கு வருகிறேன். எங்கள் துறையில் ஒரு எளிய கணக்கு உண்டு. ஆண்களின் எண்ணிக்கையைப் பெட்டைகளின் எண்ணிக்கையால் பெருக்கி, அதை நான்கால் பெருக்கி, மொத்தத் தலைகளால் வகுக்க வேண்டும். மரபணு அளவில் மந்தை எவ்வளவு பெரியது என்பது அதில் தெரியும். 100 பெட்டைக்கு ஒரே ஆண் என்றால் விடை நான்கைக்கூட எட்டாது. கண்ணுக்கு 101 கழுதைகள், மரபணுக் கணக்கில் நான்கு! ஆண் ஐந்தானால் 19, பதினைந்தானால் 52. குறைந்தது 50 வேண்டும் என்பது பொதுவாக ஏற்கப்பட்ட அளவு. அந்த ஆண்களும் ஒன்றுக்கொன்று உறவில்லாதவையாக இருக்க வேண்டும்.

ஒற்றை ஆணின் குட்டிகள் எல்லாம் ஒரே தகப்பன் பிள்ளைகள். அவற்றுக்குள்ளேயே சேர்க்கை நடந்தால் சினை தங்காதது, நோஞ்சான் குட்டி பிறப்பது எல்லாம் கூடிக்கொண்டே போகும். ஒளிந்திருந்த குறைகள் வெளியே வரும். இத்தாலியின் அசினாரா தீவுக் கழுதைகள் வெளிறிய தோலும் வெளிர்நீலக் கண்ணுமாக, வெயிலுக்குக் கூசியபடி இருப்பது அப்படி நிலைத்துப்போன ஒரு மரபணுப் பிறழ்வால்தான்.

பிரான்சின் புவாத்து கழுதை வேறொரு பாடம். பெரிய கோவேறு கழுதைகளை உருவாக்கப் பேர்போன, சடைசடையாக முடி தொங்கும் இனம். டிராக்டர் வந்ததும் கைவிட்டார்கள். 1977-இல் எண்ணிப் பார்த்தபோது மிஞ்சியவை வெறும் 44. போர்ச்சுகல் கழுதைகளோடு கலந்து, தலைமுறை தலைமுறையாகப் புவாத்து இரத்தத்தின் பங்கைக் கூட்டித்தான் மீட்டார்கள். கழுதைக்குச் சினைக்காலம் ஏறத்தாழ ஒரு வருடம், பெரும்பாலும் ஒரே குட்டி. அந்த வேகத்தில்தான் எதையும் மீட்க முடியும். விந்தை உறைய வைத்துக்கொண்டால் போதாதா என்றால், உறைவிந்தில் பெட்டைக் கழுதை சினைப்படுவது மிகவும் குறைவு. உயிரோடு இருக்கும் ஆணுக்கு மாற்று இன்றைக்கு இல்லை.

ஆகவே பண்ணை வைப்பவர்களிடம் நான் வற்புறுத்திச் சொல்வது இது. ஹலாரி வாங்கினால் ஹலாரி ஆணையே சேருங்கள், உள்ளூர் ஆணோடு சேர்க்காதீர்கள். மகள்கள் பருவத்துக்கு வருவதற்குள் தகப்பனை வேறு பண்ணைக்கு மாற்றிக்கொள்ளுங்கள். முரட்டுத்தனத்துக்குப் பயந்து எல்லா ஆணையும் காயடித்துவிடாதீர்கள், ஒவ்வொரு பண்ணையிலும் நல்ல கட்டுள்ள இரண்டு மூன்றையாவது காயடிக்காமல் விட்டு வையுங்கள். மேய்ப்பர் மந்தையிலிருந்து பெட்டைகளை மொத்தமாக வாரிக்கொண்டு வருவதை மட்டும் தயவுசெய்து செய்யாதீர்கள். அந்த இனத்தை இத்தனை காலம் கட்டிக் காத்தவர்கள் அவர்கள்தான், பெட்டை போனால் அவர்களிடம் இனம் பெருகாது.

அப்புறம், ஒரு நோட்டு போடுங்கள். எந்தக் குட்டிக்கு எது தாய், எது தகப்பன், எந்த மந்தையிலிருந்து வந்தது என்று எழுதி, புகைப்படமும் ஒட்டுங்கள். தகப்பன் எது என்று சந்தேகம் வந்தால் குட்டியிடமிருந்தும் தகப்பனாக இருக்கக்கூடிய ஆண்களிடமிருந்தும் வேரோடு பிடுங்கிய சில பிடரிமயிர் இழைகளைத் தனித்தனிக் காகித உறையில் போட்டு உங்கள் கால்நடை மருத்துவரிடம் கொடுங்கள். மரபணுச் சோதனைக்கு அதுவே போதும்.