ஜாக்கியை விடுங்கள், பாஸ்புக்கைக் காட்டுங்கள்

போன வாரம், குதிரைப் பந்தயத்தில் பணத்தை விட்டுவிட்டு ஒரே மாலையில் என்னிடம் வந்த மூன்றாவது ஆள். வயது 58. ஓய்வு பெற இன்னும் இரண்டு வருடம். பி.எஃப். பணத்தில் பாதியை எடுத்தாகிவிட்டது, மனைவியின் இரட்டை வடச் சங்கிலி சைதாப்பேட்டையில் ஒரு அடகுக் கடையில் இருக்கிறது. உட்கார்ந்ததும் அவர் சொன்ன முதல் வாக்கியம்: "எனக்குச் சூதாட்டப் பழக்கமெல்லாம் இல்ல டாக்டர். அந்த ஜாக்கி குதிரையை இழுத்துட்டான்."

ரேஸ் பக்கமே போகாதவர்களுக்காக: ஜாக்கி என்றால் பந்தயக் குதிரையை ஓட்டுபவர். ஓடக்கூடிய குதிரையைக் கடிவாளத்தில் அடக்கி, வேண்டுமென்றே பின்தங்க வைப்பதற்குத்தான் 'இழுத்துட்டான்' என்று பெயர். மனநல மருத்துவராக இந்த வாக்கியத்தைக் கேட்டுக் கேட்டு எனக்குக் காது புளித்துவிட்டது. குடிக்கு வைத்தியம் பார்க்க வருகிறவர்கள்கூட டாஸ்மாக் விற்பனையாளர் மேல் பழி போட்டதில்லை.

அவர் ஒரு நோட்டுப் புத்தகம் கொண்டுவந்திருந்தார். தேதி, ஊர், குதிரை, ஜாக்கி, கட்டிய தொகை, குறிப்பு என்று ஸ்கேல் வைத்துக் கோடு போட்டிருந்தார். தோற்ற வரிகளுக்கு எதிரே: "வளைவில் வெளியே கொண்டுபோனான்", "கூட்டத்துக்குள் மாட்டிக்கிட்டான்", "கடைசி 200 மீட்டரில் கையே வைக்கல". ஜெயித்த வரிகளுக்கு எதிரே ஒரே குறிப்புதான்: "நம்ம கணக்கு." நான் இரண்டு மணி நேரம் பேசி விளக்க வேண்டிய நோயை அவரே கோடு போட்டு எழுதிவைத்திருந்தார். (அடையாளங்களை மாற்றியிருக்கிறேன். நோட்டு நிஜம்.)

சரி, ரேஸில் தில்லுமுல்லே நடக்காதா? நடக்கும். அதனால்தான் ஸ்டீவர்டுகள் என்கிற பந்தய நடுவர்கள் உட்கார்ந்து ஓட்டத்தை வீடியோவில் திரும்பத் திரும்பப் பார்க்கிறார்கள், குதிரையிடம் மாதிரி எடுத்து ஊக்கமருந்துச் சோதனைக்கு அனுப்புகிறார்கள், ஓட்டத்துக்கு முன்னும் பின்னும் ஜாக்கியை எடை போடுகிறார்கள். ஜாக்கி பந்தயம் கட்டவே கூடாது. திறமைக்கு ஏற்ப ஓட்டவில்லை என்று உரிமம் பறிபோன ஜாக்கிகள் நம் நாட்டிலும் உண்டு.

ஆனால் நீங்கள் பணம் கட்டிய குதிரை தோற்ற ஒவ்வொரு தடவையுமா? வேளச்சேரிப் பக்கம் ஐந்து பர்லாங் சாலை என்ற பெயரைப் பார்த்திருப்பீர்கள். ஐந்து பர்லாங் என்றால் ஏறக்குறைய 1 கிலோமீட்டர். நல்ல குதிரை அதை ஒரு நிமிடத்தில் ஓடி முடித்துவிடும். அரை டன் எடையுள்ள மிருகம், அதன் மேல் 50 சொச்சம் கிலோ மனிதர், மணிக்கு 60 கிலோமீட்டர் வேகம், முன்னாலும் பக்கத்திலும் வேறு குதிரைகளின் குளம்புகள். ஓட்டம் முழுக்க ஆம்புலன்ஸ் பின்னாலேயே வரும். அந்த இடத்தில் ஜாக்கி ஒரு இடைவெளியைத் தவறாகக் கணித்தால் ஆட்டம் போச்சு. களைத்துப்போன குதிரையை அவர் மேலும் விரட்டாமல் விட்டால், போனில் பார்க்கிற உங்கள் கண்ணுக்கு அது "கை வைக்கல".

அதைவிட முக்கியமானது ஹேண்டிகேப். நோட்டு வைத்திருக்கிற நம் பண்டிதர்கள் இதைத் தெரிந்துகொண்டே மறந்துவிடுவார்கள். நன்றாக ஓடும் குதிரைக்கு முதுகில் எடை கூட்டுவார்கள், சேணத்தோடு ஈயத் தகடு செருகி. சுமாரான குதிரைக்குக் குறைப்பார்கள். எல்லாக் குதிரையும் ஒன்றாக எல்லைக் கோட்டைத் தொட வேண்டும் என்பதுதான் அந்தக் கணக்கின் லட்சியம். யார் ஜெயிப்பார் என்று சொல்ல முடியாதபடி மெனக்கெட்டு அமைத்த பந்தயத்தில் போய் 'ஷூர் குதிரை' தேடினால் எப்படி? உலகம் முழுக்கவே ஃபேவரிட், அதாவது ஜெயிக்கும் என்று அதிகப் பணம் கட்டப்படும் குதிரை, ஏறக்குறைய மூன்றில் ஒரு தடவைதான் ஜெயிக்கிறது. மீதி இரண்டு தடவையும் யாரோ இழுத்துவிட்டார்களா?

இழுத்தார் என்று நிரூபிப்பது போலீசுக்கே எளிதல்ல. லண்டனில் கீரன் ஃபாலன் என்ற புகழ்பெற்ற ஜாக்கி மீதும் வேறு சிலர் மீதும் இப்படி ஒரு பெரிய வழக்கு நடந்தது. 2007 டிசம்பரில், பதில் சொல்ல வேண்டிய வழக்கே இல்லை என்று நீதிபதி தள்ளிவிட்டார். தோற்கவைத்தார் என்று சந்தேகப்பட்ட ஓட்டங்களில் ஃபாலன் வழக்கத்தைவிட அதிகமாகவே ஜெயித்திருந்தார்! அங்கே அவ்வளவு பாடு. நீங்களோ டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்து ஒரு நிமிடத்தில் தீர்ப்பு எழுதிவிடுகிறீர்கள்.

இதில் எனக்கு எரிச்சல் மூட்டுவது வேறொன்று. எல்லாமே ஏமாற்று வேலை என்று உண்மையிலேயே நம்புகிறவர் என்ன செய்ய வேண்டும்? விலகிப்போக வேண்டும். இவர்கள் விலகுவதில்லை. ஏமாற்றுகிறவர்கள் பக்கம் எப்படியாவது போய் நின்றுவிடலாம் என்று அடுத்த வாரமும் பணம் கட்டுகிறார்கள். "உள்ளேயிருந்து நம்ம பையன் ஒருத்தன் சொல்றான் டாக்டர்." அந்தப் பையன் எட்டுக் குதிரை ஓடும் பந்தயத்தில் எட்டுப் பேருக்கு எட்டுக் குதிரையைச் சொல்லியிருப்பான். ஜெயித்த ஒருவருக்கு அவன் தெய்வம். தோற்ற ஏழு பேருக்கு இருக்கவே இருக்கிறார் ஜாக்கி.

ஒருவரும் ஏமாற்றவில்லை, ஜாக்கிகள் அனைவரும் அரிச்சந்திரன் என்றே வைத்துக்கொள்வோம். அப்போதும் தோற்பீர்கள். டோட்டில், அதாவது ரேஸ் கிளப்பே நடத்தும் பந்தயத்தில், எல்லோரும் கட்டிய பணத்திலிருந்து கிளப் தன் பங்கை எடுத்துக்கொண்டு மிச்சத்தைத்தான் ஜெயித்தவர்களுக்குப் பிரிக்கும். 2023 அக்டோபர் முதல் கட்டும் தொகை முழுவதற்கும் 28 சதவீத ஜி.எஸ்.டி. இருந்தது, 2025 செப்டம்பர் 22 முதல் அது 40. வென்ற தொகை 10,000 ரூபாயைத் தாண்டினால் 30 சதவீதம் வரிப்பிடித்தம். உடனே ஒருவர் கேட்பார்: "உச்ச நீதிமன்றமே 1996ல குதிரைப் பந்தயம் திறமை விளையாட்டுன்னு சொல்லியிருக்கே?" சொன்னது. இது சட்டப்படி சூதாட்டமா என்ற கேள்விக்கான பதில் அது. உங்கள் பெண்ணின் கல்யாணப் பணம் மிஞ்சுமா என்று யாரும் அந்த நீதிமன்றத்தில் கேட்கவில்லை.

2024 செப்டம்பரில் அரசு கிண்டி ரேஸ் மைதானத்துக்குச் சீல் வைத்த அன்று ஒரு அம்மா எனக்குப் போன் செய்து, "இனிமே எங்க வீட்டுக்காரர் பிழைச்சுக்குவார் டாக்டர்" என்று அழாத குறையாகச் சந்தோஷப்பட்டார். அவருடைய வீட்டுக்காரர் கிண்டிக்குப் போய் ஆறு வருடம் ஆகியிருந்தது. பெங்களூரு, ஹைதராபாத் குதிரைகளுக்குப் போனிலேயே கட்டிக்கொண்டிருந்தார், பந்தயப் பணம் வாங்கும் சட்டவிரோதத் தரகரான புக்கியிடம், கடனில். கையில் காசில்லாமலே ஆடலாம், கணக்கை வாரக் கடைசியில் முடித்தால் போதும். கவுன்ட்டரில் வரிசையில் நின்ற காலத்தில் பர்ஸ் காலியானால் ஆட்டமும் நிற்கும். இப்போது அது நிற்காமல் மீட்டர் வட்டிக்காரர் வீட்டு வாசல் வரை வந்துவிடுகிறது.

நரம்பியல் மருத்துவர்களுக்கும் அவர்களிடம் பார்ப்பவர்களுக்கும் ஒரு வார்த்தை. நடுக்குவாதத்துக்குக் கொடுக்கும் பிராமிபெக்சோல், ரோபினிரோல் போன்ற மாத்திரைகள் சிலருக்குச் சூதாட்ட வெறியைக் கிளப்பிவிடும். வாழ்நாளில் சீட்டுக்கட்டைத் தொடாத தாத்தா எழுபது வயதில் திடீரென்று ரேஸ் புத்தகம் வாங்கினால், திட்டுவதற்கு முன் மருந்துச் சீட்டைப் பாருங்கள். நீங்களாக மாத்திரையை நிறுத்தவும் கூடாது. எழுதிக்கொடுத்தவரிடம் போங்கள்.

வீட்டில் இருப்பவர்களிடம் கெஞ்சிக் கேட்கிறேன். கடனை மொத்தமாக அடைத்துவிடாதீர்கள். நீங்கள் அடைத்த மறுநாள் புக்கியிடம் அவருக்குப் பழைய மரியாதை திரும்பிவிடும். சம்பளக் கணக்கும் ஏ.டி.எம். கார்டும் வேறு கைக்கு வரட்டும். நகையை லாக்கரில் வைத்து, சாவியை அக்கா வீட்டில் கொடுங்கள். வடபழனிக்கு அழைத்துப்போய்க் கற்பூரத்தின் மேல் சத்தியம் வாங்காதீர்கள். சத்தியத்தை மீறிய குற்ற உணர்ச்சியில் அவர் இன்னும் பெரிதாகக் கட்டுவார். இதை வாரா வாரம் பார்க்கிறேன். அப்புறம் ஒன்று: கடன் விஷயம் வீட்டில் உடைந்த அன்று இரவு அவரைத் தனியாக விடாதீர்கள். அன்றைக்குச் சண்டை வேண்டாம், கணக்குக் கேட்க வேண்டாம். வாழ்ந்து என்ன பயன் என்கிற மாதிரி ஒரு வார்த்தை வந்தாலும் உதவி எண்களான 14416 அல்லது 104க்குக் கூப்பிடுங்கள், எந்த நேரமானாலும்.

என்னிடமோ பக்கத்து அரசு மருத்துவமனை மனநலப் பிரிவுக்கோ வருகிறவர்கள் ஆறு மாத பேங்க் ஸ்டேட்மென்ட்டையும் சாப்பிடும் மாத்திரைகளையும் கொண்டுவாருங்கள். கூட ஒருவரையும் அழைத்து வாருங்கள். ஜாக்கியின் பெயர் வேண்டாம்.