650 கோடி கி.மீ. தாண்டி விழுந்த நிழல்

"தொலைநோக்கியிலேயே வெறும் புள்ளியாகத்தான் தெரிகிறது. அப்புறம் எப்படி இத்தனை கி.மீ. நீளம், இன்ன வடிவம் என்று சொல்கிறார்கள்? அடித்துவிடுகிறார்களா?" சிறுகோள்களைப் பற்றி ஒரு வாசகர் இப்படிக் கேட்டிருந்தார்.

நியாயமான சந்தேகம்தான். பல சமயம் அது ஊகம் கலந்த கணக்கு. புள்ளியின் பிரகாசத்தை அளப்பார்கள். மேற்பரப்பு இவ்வளவு கறுப்பாக இருக்கும் என்று ஒரு மதிப்பை வைத்துக்கொண்டு அளவைக் கணக்கிடுவார்கள். கரி நிறத்தில் ஒரு பெரிய கல்லும், சுண்ணாம்பு பூசினாற்போல ஒரு சின்னக் கல்லும் ஒரே பிரகாசத்தில் தெரியக்கூடும் என்பதால் இதில் நிறையவே பிசகு வரலாம்.

பிசகு குறைந்த வழி ஒன்று இருக்கிறது. அதன் பெயர் நட்சத்திர மறைப்பு. எனக்கு வானியலிலேயே மிகப் பிடித்த தந்திரம் இது. தலைப்பில் உள்ள நிழலும் இதில் சிக்கியதுதான். அது அரோகோத் என்ற தொலைதூரக் கல்லின் நிழல்.

ஓடிக்கொண்டிருக்கும் சிறுகோள் எப்போதாவது ஒரு நட்சத்திரத்துக்கும் நமக்கும் நடுவே வரும். அப்போது நட்சத்திரம் பட்டென்று அணைந்து மறுபடி எரியும். சூரிய கிரகணத்தின் தம்பி என்று சொல்லலாம், ஆனால் ஒரு வித்தியாசம் உண்டு. சூரியன் நமக்குப் பக்கத்தில், பெரிய வட்டமாக இருப்பதால் நிலவின் நிழல் கூம்புபோலச் சுருங்கிக்கொண்டே வருகிறது. கிட்டத்தட்ட 3,500 கி.மீ. குறுக்களவுள்ள நிலவின் முழு நிழல் தரையைத் தொடும்போது பெரும்பாலும் 300 கி.மீ.கூடத் தேறாது. நட்சத்திரமோ அத்தனை தொலைவில் இருப்பதால் அதன் ஒளிக்கதிர்கள் இணையாக வந்து சேர்கின்றன. இணையான ஒளியில் நிழல் சுருங்கவும் செய்யாது, விரியவும் செய்யாது. 30 கி.மீ. கல்லின் நிழல் கோடிக்கணக்கான கி.மீ. கடந்து நம் தரையில் விழும்போதும் 30 கி.மீ.தான். அதாவது அந்தக் கல்லின் அச்சு அசலான அளவு வெட்டவெளியில் நம் தலைமேல் ஓடிப் போகிறது. பிடித்து அளக்க வேண்டியது மட்டும்தான் நம் வேலை.

எப்படிப் பிடிப்பது? நிழல் ஓடும் பாதைக்குக் குறுக்கே, வேலிக்கால் நட்டதுபோல, சில கி.மீ.க்கு ஒரு தொலைநோக்கி வைக்க வேண்டும். ஒவ்வொன்றிலும் நட்சத்திரம் எத்தனை நேரம் அணைந்தது என்று குறித்து, நிழலின் வேகத்தால் பெருக்கினால் ஒரு கோட்டின் நீளம் கிடைக்கும். வாழைக்காயைச் சீவி, சீவல்களை வரிசை மாறாமல் அடுக்கினால் காயின் உருவம் திரும்ப வருமில்லையா, அதுபோலக் கோடுகளை அடுக்கினால் கல்லின் வெளிக்கோடு வந்துவிடும். நட்சத்திரம் அணையவே இல்லை என்று சொல்லும் தொலைநோக்கிக்கும் மதிப்பு உண்டு. கல் இதற்கு மேல் நீளவில்லை என்று எல்லை கட்டித் தருவது அதுதான்.

ஒரே கோட்டை வைத்துக்கொண்டு முடிவு சொல்வது எவ்வளவு சிரமம் என்பதற்கு நம் காவலூர் வான் ஆய்வகமே சாட்சி. 1977 மார்ச் 10 அன்று யுரேனஸ் ஒரு நட்சத்திரத்தை மறைத்தது. ஜவ்வாது மலையில் உள்ள அந்த ஆய்வகத்தின் ஒரு மீட்டர் தொலைநோக்கியில், யுரேனஸ் வருவதற்கு முன்பே நட்சத்திரம் சில நொடிகள் மங்கியது பதிவானது. புதிய துணைக்கோள் என்று கருதி, அதைப் பதிவுசெய்த பட்டாச்சார்யாவும் குப்புசாமியும் 'நேச்சர்' இதழில் எழுதினார்கள். அதே மறைப்பைப் பறக்கும் விமானத்திலிருந்து பார்த்த ஜேம்ஸ் எலியட்டின் குழுவுக்கு, கோளின் இரு பக்கமும் ஒரே தொலைவுகளில் மங்கல்கள் கிடைத்தன. யுரேனஸின் வளையங்கள் அப்படித்தான் தெரியவந்தன.

சரி, அரோகோத்துக்கு வருவோம். நெப்டியூனுக்கு அப்பால், சுமார் 650 கோடி கி.மீ. தொலைவில் உள்ள இதை 2014இல் ஹபிள் தொலைநோக்கி கண்டுபிடித்தது. 4,000 கி.மீ. தள்ளி வைத்த ஒரு ரூபாய் நாணயம் எவ்வளவு பெரிதாகத் தெரியுமோ அவ்வளவுதான் தெரியும். ஹபிளுக்கும் அது புள்ளிதான். புளூட்டோவைத் தாண்டிய நியூ ஹொரைசன்ஸ் விண்கலம் அதை நோக்கிப் போய்க்கொண்டிருந்தது. போவதற்குள் அது என்ன உருவம் என்று தெரிய வேண்டும்.

மார்க் புயி தலைமையிலான குழு 2017 ஜூன் 3 அன்று தென்னாப்பிரிக்காவிலும் அர்ஜென்டினாவிலும் காத்திருந்தது. ஒரு தொலைநோக்கியிலும் நட்சத்திரம் கண் சிமிட்டவில்லை. ஜூலை 17 அன்று அர்ஜென்டினாவின் கொமொதோரோ ரிவதாவியா அருகே 24 தொலைநோக்கிகளுடன் மறுபடி நின்றார்கள். நிழல் வினாடிக்குச் சுமார் 25 கி.மீ. வேகத்தில் ஓடும். கையில் கிடைப்பது ஒரு வினாடிக்கும் குறைவான இருட்டு. அதற்காக ஊரார் தெருவிளக்குகளை அணைத்தார்கள், நெடுஞ்சாலையை இரண்டு மணி நேரம் மூடினார்கள், படகோனியாக் காற்று தொலைநோக்கியை ஆட்டாதிருக்க லாரிகளைக் குறுக்கே நிறுத்தினார்கள். ராகு கேதுவை நிழல் கிரகங்கள் என்று சொல்லி, கிரகணத்தன்று வீட்டுக்குள் முடங்கி, டிவியில் பரிகாரம் கேட்டுக்கொண்டிருக்கும் நம் ஊரை நினைத்துக்கொண்டேன். அந்தத் தொலைநோக்கிகள் ஒவ்வொன்றும் 40 செ.மீ. அளவுதான், ஒரு சின்னக் காரின் விலைக்குள் அடங்கும். மாவட்டத்துக்கு ஒரு கல்லூரியில் ஒன்று வைக்க நம்மால் முடியாதா என்ன?

ஐந்து தொலைநோக்கிகளில் நிழல் சிக்கியது. கோடுகளை அடுக்கிப் பார்த்தால் உருண்டை வரவில்லை. ஒன்று நீண்ட கல்லாக இருக்க வேண்டும், இல்லையென்றால் ஒட்டிய இரண்டு கற்கள். 2019 ஜனவரி 1 அன்று 3,500 கி.மீ. அருகில் கடந்த விண்கலம் படம் எடுத்து அனுப்பியது. ஒட்டிய இரண்டு கற்களேதான். மொத்த நீளம் சுமார் 36 கி.மீ.

கோள்கள் பிறந்த கதையை இந்த ஒட்டு சொல்கிறது. இளம் சூரியனைச் சுற்றி வாயுவும் தூசும் வட்டாகச் சுழன்றது, தூசு ஒட்டிக் கூழாங்கல் ஆனது என்பதெல்லாம் பள்ளியிலேயே படித்தது. சிக்கல் அதற்குப் பிறகுதான். வாயு கற்களைவிடக் கொஞ்சம் மெதுவாகச் சுற்றுவதால் கல்லுக்கு எப்போதும் எதிர்க்காற்று. வேகம் குறைந்து சூரியனை நோக்கிச் சரியும். பூமி இருக்கும் தொலைவில் ஒரு மீட்டர் கல் சில நூறு ஆண்டுகளில் உள்ளே விழுந்துவிடும். அப்படியானால் மலையளவு கல் எப்படி வந்தது? 2005இல் ஆண்ட்ரூ யூடினும் ஜெரமி குட்மனும் ஒரு வழி காட்டினார்கள். கூட்டமாகப் போகும் கற்கள் சுற்றியுள்ள வாயுவையும் இழுத்துக்கொண்டு ஓடும். அங்கே எதிர்க்காற்று குறையும், சரிவும் குறையும். பின்னால் சரிந்து வரும் கற்கள் சுங்கச்சாவடியில் வண்டிகள் சேர்வதுபோல அதில் வந்து சேரும். கூட்டம் அடர்ந்து, தன் ஈர்ப்பாலேயே மெல்ல இறுகும். சுழற்சி அதிகமானால் இரண்டு கட்டியாகப் பிரிந்து ஒன்றையொன்று சுற்றும், பிறகு நெருங்கி ஒட்டும்.

அரோகோத்தின் இரு கட்டிகளும் ஒரே நிறம், அச்சுகளும் ஏறக்குறைய ஒரே திசை. ஒட்டிய கழுத்தில் நசுங்கலோ பெரிய விரிசலோ இல்லை. வினாடிக்குச் சில மீட்டர், மிஞ்சினால் சைக்கிள் வேகத்தில் வந்து தொட்டிருக்க வேண்டும். மோதி மோதி வளர்ந்த கல்லாக இருந்தால் இப்படி இருக்க வழியில்லை.

ஒரு விஷயம் மட்டும் நிழலில் தெரியவில்லை. நிழல் வெளிக்கோட்டைத்தான் தரும், தடிமனைத் தராது. விண்கலம் கடந்து போனபின் திரும்பிப் பார்த்து எடுத்த படங்களில் அரோகோத்தின் பெரும்பகுதி இருட்டு, ஓரத்தில் மெல்லிய பிறை மட்டும். ஆனால் பின்னணியில் நட்சத்திரங்கள் இருந்தன. எந்தெந்த நட்சத்திரம் மறைந்தது, எது மறையவில்லை என்று பார்த்தார்கள். பெரிய கட்டி உருண்டையே அல்ல, அடையைப்போலத் தட்டை.